முகூர்த்த நாளும் அச்சுப் பக்கமும்: புகைப்படக்காரரின் இரட்டைத் தொழில்

தமிழ்நாட்டில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைப்பவரின் ஆண்டுத் திட்டத்தைப் பஞ்சாங்கம்தான் வகுத்துத் தருகிறது. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் குடும்பங்களில் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியையும் பலர் தவிர்க்கிறார்கள். மிச்சமுள்ள மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தம் என்று குறிக்கப்பட்ட நாட்களில்தான் மண்டபங்கள் நிரம்புகின்றன. தவக்காலத்தில் கிறிஸ்தவக் குடும்பங்களும், ரமலானில் முஸ்லிம் குடும்பங்களும் பெரும்பாலும் திருமணம் வைப்பதில்லை என்பதால், எல்லாச் சமூகத்து ஆர்டரையும் எடுப்பவருக்குக் காலண்டரின் ஓட்டைகள் ஓரளவுக்கு அடைபடுமே தவிர முழுவதும் அடைபடுவதில்லை. ஒரே தேதியைக் கேட்டு நான்கைந்து வீட்டார் அழைப்பார்கள். அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்குத் தொலைபேசி வாய் திறக்காது. வேலை போதவில்லை என்பதைவிட, வேலை முழுவதும் சில நாட்களில் வந்து குவிகிறது என்பதே இந்தத் தொழிலின் அடிப்படைச் சிக்கல்.

அந்த ஓய்ந்த வாரங்களில்தான் பலர் பத்திரிகைப் பக்கம் வருகிறார்கள். ஓர் எழுத்தாளரின் நேர்காணலுக்கு உருவப்படம், ஓர் உணவகத்தைப் பற்றிய கட்டுரைக்குச் சமையற்கட்டுப் படங்கள், வறண்ட ஏரியைப் பற்றிய செய்திக்கு இரண்டு நாள் பயணம் என்று வேலைகள் வரும். கல்யாணம் வயிற்றுக்கு, பத்திரிகை மனத்துக்கு என்று இந்த ஏற்பாட்டை விளக்குவது வழக்கம். பணக் கணக்கு அதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே கேமராவும் ஒரே கண்ணும் கொண்டு செய்யும் இந்த இரண்டு வேலைகளிலும், படம் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்விக்கு எதிரெதிர் விடைகள் இருக்கின்றன. கல்யாணப் படம் அந்தக் குடும்பத்துக்குக் கடமைப்பட்டது. பத்திரிகைப் படம், அதில் இருப்பவரை ஒருபோதும் சந்திக்கப்போகாத வாசகருக்குக் கடமைப்பட்டது. இத்தொழிலின் பெரும்பாலான சங்கடங்களைத் தோண்டிப் பார்த்தால் அடியில் இந்த வேறுபாடே கிடக்கிறது.

கல்யாணத்துக்குப் புகைப்படக்காரர் வருவதற்கு முன்பு, மணமக்கள்தான் புகைப்படக்காரரிடம் போனார்கள். தமிழக ஊர்களின் பழைய ஸ்டூடியோக்களில் எடுக்கப்பட்ட படங்களைப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு எண்மப்படுத்தி வைத்திருக்கிறது. அந்தக் காலத்து ஜோடிப் படங்களில், வரைந்த திரைக்கு முன்னால், நாற்காலியில் ஒருவரும் பக்கத்தில் ஒருவருமாக, சிரிக்காமல் இருப்பார்கள். பிறகு கையடக்க கேமராவும் ஃபிளாஷும் வந்தன. புகைப்படக்காரர் மண்டபத்துக்குள் நுழைந்தார். ஒரு ரோலில் 36 படம். கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் காசு. அதனால் அனைவரையும் நிறுத்தி, நிமிர்த்தி, கேமராவைப் பார்க்கச் சொல்லி எடுப்பதே சிக்கனமான வழியாக இருந்தது.

இன்று கேண்டிட் என்று எல்லோரும் சொல்லும் முறை பத்திரிகைத் தொழிலிலிருந்து கல்யாணத்துக்குள் இறங்கி வந்தது. 1996 செப்டம்பரில் அமெரிக்காவின் கம்பர்லாந்து தீவில் ஜான் எஃப். கென்னடியின் மகனுக்கும் கரோலின் பெஸட்டுக்கும் நடந்த திருமணத்தில், தேவாலயத்தை விட்டு வெளியேறும் இருட்டில் மணமகன் மணமகளின் கையை முத்தமிடும் கணத்தைப் புகைப்படக்காரர் டெனிஸ் ரெஜி எடுத்தார். யாரையும் நிற்கச் சொல்லாமல், நடப்பதை நடக்கிறபடி எடுக்கும் கல்யாணப் படம் என்றால் என்ன என்பதற்கு அந்தப் படம் உலகம் முழுவதும் எடுத்துக்காட்டானது. தமிழ்நாட்டில் இந்த முறை பரவ இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. நம்முடைய மண்டபங்களின் வெளிச்சம் அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். ஃபிலிமிலும் தொடக்கக்கால டிஜிட்டல் கேமராக்களிலும் அந்த வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் படம் புள்ளி புள்ளியாகச் சிதறும். ஃபிளாஷ் அடித்தாலோ எல்லோரும் திரும்பிப் பார்த்துவிடுவார்கள், அப்புறம் எங்கே கேண்டிட்? 2008-இல் நிக்கான் டி700, கேனன் 5டி மார்க் 2 ஆகிய கேமராக்கள் வந்தபோது, மங்கிய வெளிச்சத்துக்காக ஒளியுணர்வை ஐ.எஸ்.ஓ. 3200 வரை உயர்த்தி எடுத்த படமும் பெரிதாக அச்சிடும் தரத்தில் நின்றது. அதே காலத்தில் ஃபேஸ்புக் பரவியது. எடுக்கும் வழியும் காட்டும் இடமும் ஒருசேரக் கிடைத்தன.

இதன் விளைவாக இன்று ஓர் ஓரளவு வசதியான கல்யாண ஆர்டர் நான்கு தலைப்புகளில் பேசப்படுகிறது: ட்ரடிஷனல் போட்டோ, ட்ரடிஷனல் வீடியோ, கேண்டிட் போட்டோ, சினிமாட்டிக் வீடியோ. இவற்றில் கேண்டிட் எடுப்பவருக்குக் கூலி அதிகம், மதிப்பும் அதிகம். ட்ரடிஷனல் எடுப்பவர் வரவேற்பு மேடைக்கு எதிரே மூன்று மணி நேரம் நகராமல் நின்று, வரிசையில் ஏறி வரும் ஒவ்வொரு குடும்பத்தையும் மணமக்களின் இரு பக்கமும் நிறுத்தி, குழந்தையை முன்னால் இழுத்து, பரிசுப் பொட்டலத்தைக் கைமாற்றும் வரை காத்திருந்து படமெடுப்பார். இதைக் கலையற்ற வேலை என்று இளக்காரமாகப் பேசும் கேண்டிட்காரர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வரிசைப் படங்கள் மொய் நோட்டைப் போன்றவை. யார் வந்தார், யாரோடு வந்தார், எந்த மனத்தாங்கலைத் தள்ளிவைத்துவிட்டு வந்தார் என்பதற்கான பதிவு அது. கல்யாணம் முடிந்து இருபது வருடம் கழித்து ஆல்பத்தைப் புரட்டுகிற குடும்பத்தார் மணமகளின் கண்ணோரத்து ஈரத்தைத் தேடுவதைவிட, மூன்றாவது வரிசையில் நிற்கும் காலமான பெரியப்பாவைத்தான் அதிகம் தேடுகிறார்கள்.

இவ்வளவு பெரிய ஏற்பாடும் கூடி வந்து நிற்கும் இடம் தாலி கட்டும் அரை நிமிடம். அதைச் சற்று அருகே போய்ப் பார்க்கலாம். ஓமப்புகை மேடையின் பாதி உயரத்துக்கு எழும்பியிருக்கும். புரோகிதர் கையை உயர்த்தியவுடன் கெட்டி மேளம் முழங்கும்; அந்த ஒலியில் பக்கத்தில் நிற்கும் உதவியாளரிடம் வாயால் எதையும் சொல்ல முடியாது, கண்ணாலும் விரலாலும்தான் பேச வேண்டும். முன்வரிசை முழுவதும் எழுந்து கைபேசியைத் தூக்கும். மணமகன் குனிவார், அவருடைய தோள் மணமகளின் முகத்தை மறைக்கும். பல குடும்பங்களில் முதல் முடிச்சை அவர் போட, மற்ற இரண்டையும் அவருடைய சகோதரி பின்னாலிருந்து போடுவார். ஆகவே பின்பக்கத்திலிருந்தும் ஒரு கேமரா தேவை. அட்சதை விழத் தொடங்கியதும், தானாகக் குவியும் லென்ஸ் முகத்தை விட்டுவிட்டு நடுவே பறக்கும் அரிசியைப் பிடிக்கப் பார்க்கும். லென்ஸின் துளையை எஃப் 1.4 என்று அகலமாகத் திறந்து வைத்திருந்தால், தெளிவாக விழும் ஆழம் குறைந்து, மணமகனின் காது தெளிவாகவும் மணமகளின் கண் மங்கலாகவும் வரும் ஆபத்து உண்டு. அனுபவசாலிகள் அந்த நேரத்துக்கு மட்டும் எஃப் 2.8-க்கோ 4-க்கோ மூடிக்கொள்வார்கள்.

இதோடு விளக்குகளின் தொல்லையும் சேர்ந்துகொள்கிறது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டபத்தின் மலிவான விளக்குகள் நொடிக்கு நூறு முறை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நொடியில் நூறில் ஒரு பங்குக்கு வைத்தால் வெளிச்சம் சீராக விழும், ஆனால் கை அசைவும் அட்சதையும் கலங்கும். இருநூற்றைம்பதில் ஒரு பங்குக்கு வைத்தால் அசைவு உறையும், படத்தின் குறுக்கே கருப்புப் பட்டை விழும். மணவறைக்குப் பின்னால் இப்போது வைக்கப்படும் எல்.இ.டி. சுவர் இந்தச் சிக்கலைப் பல மடங்காக்கிவிட்டது. சத்தமில்லாமல் எடுக்கலாம் என்பதற்காகவே மிரர்லெஸ் கேமரா வாங்கியவர்கள், அதன் மௌன ஷட்டர் படத்தை வரி வரியாகப் படிப்பதால் இந்தப் பட்டைகள் அதில்தான் மோசமாக விழும் என்பதை வாங்கிய பிறகு அறிந்துகொண்டார்கள். அலங்காரம் செய்பவரும் விளக்குக்காரரும் புகைப்படக்காரரும் ஒரு முறை முன்கூட்டிப் பேசிக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். பெரும்பாலும் பேசுவதில்லை, மூவருக்கும் அட்வான்ஸ் கொடுத்தவர் வேறு வேறு சித்தப்பாவாக இருப்பார்.

பத்திரிகை வேலையின் நெருக்கடி வேறு வகையானது. இங்கே முகூர்த்தம் இல்லை, ஆனால் நேரமும் இல்லை. ஒரு தொழிலதிபர் இருபது நிமிடம் ஒதுக்கியிருப்பார்; அதில் பத்து நிமிடம் அவருடைய உதவியாளரோடு போய்விடும். மிச்ச நேரத்தில், அட்டைக்கு ஆகும்படி மேலே இதழின் பெயருக்கு இடம் விட்ட நெடுக்குவாட்டுப் படம் ஒன்றும், உள்ளே இரு பக்கத்துக்கும் பரவும் குறுக்குவாட்டுப் படம் ஒன்றும், அந்த மனிதரைப் பற்றி ஏதேனும் சொல்லும் சிறு விவரம் ஒன்றும் எடுத்தாக வேண்டும். கல்யாணத்தில் ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளிப் பழகியவருக்கு, இங்கே மூன்றே படம் போதும், ஆனால் அந்த மூன்றும் ஒரு கட்டுரையின் வாதத்தைத் தாங்க வேண்டும் என்ற கணக்குப் பிடிபடச் சிறிது காலம் ஆகும்.

அதைவிடக் கடினமானது, கை வைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு. உருவப்படத்துக்கு ஒருவரை உட்கார வைக்கலாம், சன்னல் பக்கம் திரும்பச் சொல்லலாம். செய்திப் படத்தில் எதையும் ஏற்பாடு செய்யக் கூடாது, எடுத்த பிறகு எதையும் நீக்கவோ சேர்க்கவோ கூடாது. 2015-இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்ற சர்வதேசச் செய்திப்படப் போட்டியில், இறுதிக்கு முந்தைய சுற்றுக்கு வந்த படங்களில் 20 விழுக்காடு, திருத்தம் எல்லை மீறியது என்பதற்காகத் தள்ளுபடி செய்யப்பட்டன. அதே ஆண்டில் அங்கே பரிசு பெற்ற ஒரு படத்தொகுப்பு பெல்ஜியத்தின் ஷார்லருவா நகரைப் பற்றியது. அதில் ஒரு படம் உண்மையில் பிரஸ்ஸல்ஸ் பகுதியில் எடுக்கப்பட்டது என்று தெரிந்ததும் பரிசு திரும்பப் பெறப்பட்டது. படக்குறிப்பில் ஊர்ப்பெயர் தவறு என்பது அவ்வளவு பெரிய குற்றம். அவ்வாண்டு நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் தன் பகுதிநேரப் படக்காரர்களிடம், ரா கோப்பிலிருந்து, அதாவது கேமரா எதையும் சுருக்காமல் பதியும் மூலக் கோப்பிலிருந்து, பதப்படுத்திய படங்களை அனுப்ப வேண்டாம், கேமராவிலேயே பதிவான ஜேபெக் படங்களை மட்டும் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டது.

இதைப் படித்துவிட்டு ஓர் ஆல்பம் டிசைனரின் மேசைக்குப் போனால் தலை சுற்றும். அங்கே மாப்பிள்ளையின் நெற்றிப் பரு போகும், மேடை ஓரத்துக் குப்பைத்தொட்டி போகும், கண்ணை மூடிய அத்தைக்கு வேறு படத்திலிருந்து திறந்த கண் வரும். குடும்பத்துக்குக் கடமைப்பட்ட படத்தில் இவற்றைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை ஏற்க முடியவில்லை. அரக்குச் சிவப்புக் கூறைப்புடவையும் தங்கமும் சேரும்போது கேமராவில் சிவப்பு நிறம் எல்லை மீறிப் போகும். அதைச் சரிசெய்கிறேன் என்று தொடங்கும் கலர் கரெக்‌ஷன், கேட்காமலே மணமகளின் மாநிறத்தைக் கோதுமை நிறமாக்கிவிட்டு நிற்கிறது. வீட்டார் விரும்புவார்கள் என்ற ஊகத்தில் இது வழக்கமாகிவிட்டது. பத்திரிகைக்கும் எடுக்கிறவர்கள் தங்கள் கல்யாணப் படங்களில் தோல் நிறத்தைத் தொடுவதற்குத் தயங்குவதை, அங்கிருந்து இங்கே வந்த நல்ல தொற்று என்று கொள்ளலாம்.

எதிர்த்திசையிலும் தொற்று உண்டு. பெங்களூருவைச் சேர்ந்த மகேஷ் சாந்தாராம் கல்யாணப் படங்களையும் ஆவணப் படங்களையும் சேர்த்தே எடுத்துவந்தவர். பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்கு வேலைக்குப் போன இடங்களிலேயே, ஆல்பத்துக்கு ஆகாதவற்றையும் எடுத்துவந்தார்: அலங்கார வளைவுகள், சோர்ந்த விருந்தினர், கூட்டம் கலைந்த பந்தல். அவை ‘மேட்ரிமேனியா’ என்ற தொகுப்பாயின. குடும்பத்துக்கான படமும் வாசகருக்கான படமும் ஒரே இரவில் ஒரே கேமராவில் பிறந்திருக்கின்றன. 2016 தொடக்கத்தில் பெங்களூருவில் தான்சானிய மாணவி ஒருவர் கும்பலால் தாக்கப்பட்ட பிறகு, இந்தியாவில் வாழும் ஆப்பிரிக்கர்களை சாந்தாராம் உருவப்படங்களாக எடுத்தார். அந்நியர் வீட்டுக்குள் நுழைந்து சில நிமிடங்களில் அவர்களை இயல்பாக்கும் பழக்கம் கல்யாண வேலையில் கைவருவது. அது அந்தப் படங்களுக்கும் உதவியிருக்கும் என்பது என் ஊகம்.

படமெடுக்கும் நாள் முடிந்தபின் தொடங்கும் வேலைதான் நீளமானது, வெளியே தெரியாதது. இரண்டு நாள் கல்யாணத்தில் நாலாயிரம் ஐயாயிரம் படங்கள் சேர்வது சாதாரணம். ஒரு ரா கோப்பு 30 மெகாபைட் என்று வைத்துக்கொண்டாலும் 150 ஜிகாபைட். கல்யாணத்தை மறுபடி நடத்தச் சொல்ல முடியாது என்பதால், இரண்டு கார்டில் ஒரே சமயத்தில் பதிவாகும் கேமராவைத் தவிர வேறெதையும் இத்தொழிலில் நம்புவதில்லை. எதற்கும் மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்று கணினித் துறை முழுவதும் ஓதும் விதியை இந்த வடிவத்தில் வகுத்துக் கொடுத்ததே பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர்தான். பிறகு தெரிவு, நிறத்திருத்தம், வீட்டாருக்கு இணைப்பு அனுப்புதல். இப்போது மங்கலான படங்களையும் கண்மூடிய படங்களையும் ஒதுக்கித்தர மென்பொருள் வந்துவிட்டது. நாள் கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிகிறது.

செலக்‌ஷன் என்ற கட்டத்தில்தான் எல்லாம் தேங்கும். ஆல்பத்துக்கு நூற்றைம்பது படம் தேர்ந்தெடுங்கள் என்று கேட்டால், பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் தனித்தனியே முந்நூறு அனுப்புவார்கள், அல்லது ஆறு மாதம் எதுவும் அனுப்ப மாட்டார்கள். ஆல்பம் கைக்கு வரும்போது மீதி என்று பேசியிருந்தால், பணமும் அங்கேயே உட்கார்ந்துவிடும். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் முகூர்த்தத்துக்கு முன்பே பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு, ஆல்பத்தோடு சிறு தொகையை மட்டும் முடிச்சுப் போடுகிறார்கள். பத்திரிகைப் பணத்துக்கு முன்பணம் என்ற பேச்சே கிடையாது. கட்டுரை வெளிவந்து, பில் அனுப்பி, கணக்குப் பிரிவு கண் திறந்த பிறகு வரும். தொகையும் ஒரு முகூர்த்த நாள் கூலிக்கு அருகில் வராது. இருந்தும் அந்த வேலையை விடாததற்கு மனநிறைவு மட்டும் காரணமல்ல: இதழில் பெயரோடு வந்த படம், அடுத்த கல்யாணத்தின் கூலியை உயர்த்திக் கேட்கும் தைரியத்தைக் கொடுக்கிறது. ஜி.எஸ்.டி. இன்னொரு பக்கம் இழுக்கிறது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். அப்புறம் 18 விழுக்காடு வரியைக் குடும்பத்தின் தலையில் வைத்தாக வேண்டும், அவர்களோ வரியில்லாமல் பில் தரும் அடுத்த தெரு ஸ்டூடியோவின் பெயரைச் சொல்வார்கள்.

கல்யாணப் படம் எடுக்கும் பெண்கள் முன்பைவிடப் பரவலாகத் தென்படுவதையும் சொல்ல வேண்டும். மணமகள் தயாராகும் அறை இதற்கு ஒரு முக்கியக் காரணம். அதிகாலை நான்கு மணிக்குத் தொடங்கும் அந்த இரண்டு மணி நேரத்தில் ஆண் புகைப்படக்காரர் கதவுக்கு வெளியே நிற்பார். பெண் உள்ளே இருப்பார். ஆனால் இரவு பதினொரு மணிக்கு வரவேற்பு முடிந்து, கடைசிப் பந்தியில் சாப்பிட்டு, விலை உயர்ந்த கருவிகளோடு வீடு திரும்பும் ஏற்பாட்டை ஆர்டர் பேசும்போதே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியிருப்பதும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான்.

படம் யாருடையது என்பதில் சட்டம் சொல்வது பலரும் நினைப்பதற்கு நேர்மாறானது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை எடுத்தவரே அதன் ஆக்குநர். ஆனால் 17-ஆவது பிரிவு, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன் பேரில் எடுக்கப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்தவரே என்கிறது. ஆகவே எழுத்தில் எதுவும் போடாமல் எடுத்த கல்யாணப் படங்களின் உரிமை வீட்டாருடையது. இன்ஸ்டாகிராமில் விளம்பரத்துக்குப் போடப் புகைப்படக்காரர்தான் அனுமதி கேட்க வேண்டும். இதில் விசித்திரம் என்னவென்றால், ஓர் இதழ் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கும் அதே விதி பொருந்தும். ஒரே பக்கத்தில் கட்டுரை எழுதிய பகுதிநேர எழுத்தாளரின் எழுத்து அவரிடமே இருக்க, பக்கத்திலிருக்கும் படம் இதழின் கைக்குப் போய்விடுகிறது. ஏனெனில் அந்த உட்பிரிவு புகைப்படம், ஓவியம் போன்றவற்றைப் பட்டியலிடுகிறதே தவிர எழுத்தைச் சேர்க்கவில்லை. இதழில் சம்பளத்துக்கு இருக்கும் படக்காரரின் நிலை இதைவிடச் சற்று மேல்: இதழில் வெளியிடும் உரிமை முதலாளிக்கு, மற்றவை எடுத்தவருக்கு. உரிமை யாரிடம் இருந்தாலும், படத்தைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி அது சிதைக்கப்பட்டால் தடுக்கவும் 57-ஆவது பிரிவு ஆக்குநருக்கு இடம் தருகிறது. பாதுகாப்புக் காலமும் 2012 திருத்தத்துக்குப் பிறகு நீண்டிருக்கிறது: முன்பு படம் வெளியானதிலிருந்து 60 ஆண்டு, இப்போது எடுத்தவரின் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும்.

இதெல்லாம் தெரிந்தவர்கள் இப்போது ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள்: பதிப்புரிமை எடுத்தவருக்கு, வீட்டுப் பயன்பாட்டுக்கு எந்தத் தடையும் இல்லை, இணையத்தில் காட்ட மணமக்கள் இருவரின் சம்மதமும் வேண்டும், இதழ்களுக்குக் கொடுப்பதென்றால் தனியாகக் கேட்கப்படும். ஆர்டர் பேச வரும் பெரியவர்கள் இதைப் படிப்பதில்லை. மணமகளோ மணமகனோதான் கைபேசியில் பெரிதாக்கிப் படிக்கிறார்கள். ஓரிரு ஆண்டில் மணமுறிவு ஆகி, அந்தப் படத்தை உங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்று ஒருவர் அழைத்தால், ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்க்கும் ஆளை நான் கண்டதில்லை, அன்றைக்கே எடுத்துவிடுகிறார்கள். வன்தட்டில் இருக்கும் மூலக் கோப்புகளை என்ன செய்வது என்பதற்குத்தான் இன்னும் வழக்கமென்று ஒன்று உருவாகவில்லை. சிலர் குறிப்பிட்ட காலம் வைத்திருந்து, வீட்டாருக்கு முன்னறிவிப்பு கொடுத்து அழிக்கிறார்கள். சிலர் கேட்டால் அழிக்கிறார்கள். வேறு சிலர், பெற்றோரில் ஒருவருடைய கடைசி நல்ல படம் அதற்குள் இருக்கக்கூடும் என்று சொல்லி, தட்டுக்கு மேல் தட்டாக வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள்.